வினைத்திட்டக் கல்வியும் தமிழும்

(பொறியியல் மாணவர் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

பொறியியல் மேலாண்மையும் வினைத்திட்டமும் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் பேசுவதா என்று உங்களுள் சிலர் வியந்திருக்கக் கூடும். தமிழாசிரியனைப் பொறியியல் மன்றத்துக்கு அழைத்தால், அவன் கல்லணையின் பெருமையையும் பெரிய கோயிலின் உயரத்தையும் பாடிவிட்டுப் பொன்னாடை பெற்றுப் போவான் என்பதே நாம் கண்டு பழகிய வழக்கம். அவ்வழக்கத்தை இன்று சற்றே ஒதுக்கி வைக்க விரும்புகின்றேன். என்னிடம் பள்ளியில் தமிழ் படித்துப் பின்னர்ப் பொறிஞர் ஆன மாணவர் சிலர் உளர். அவர்தம் பாடநூல்களைக் கேட்டு வாங்கிப் படித்தேன். புரியாத இடங்களை அவர்களிடமே மாணவனாய் அமர்ந்து கேட்டுக் கொண்டேன். அப்படிப் படித்ததில் எனக்குத் தோன்றிய கருத்து ஒன்று உண்டு. கல்லூரியில் நீங்கள் கற்கும் பாடங்களிலேயே தாய்மொழியின்றி நிறைவேற முடியாத பாடம் ஏதேனும் உண்டெனின், அது இந்த வினைத்திட்டப் பாடமே. அதனைத்தான் இன்று நிறுவ முயல்வேன்.

இத்துறை என் செய்கிறது?

உத்தரத்தின் வலிமையைக் கணக்கிடுவது ஒரு கலை. அவ்வுத்தரத்தை எந்நாளில், எவரைக் கொண்டு, எவ்வளவு செலவில், எதற்குப் பின் எதனை முடித்து ஏற்றுவது என்று முறைப்படுத்துவது வேறொரு கலை. முன்னதில் வல்லவர் பலர் பின்னதில் தோற்றிருக்கின்றனர். ஆத்திரேலிய நாட்டுச் சிட்னி நகரின் இசையரங்கை நீங்கள் படத்திலேனும் பார்த்திருப்பீர்கள். 1959-ஆம் ஆண்டு வேலை தொடங்கியபோது, 1963-இல் முடிப்பதென்றும் 70 இலக்கம் வெள்ளி செலவாகுமென்றும் சொன்னார்கள். அது திறக்கப்பெற்றதோ 1973-இல். செலவோ 10 கோடியே 20 இலக்கம் வெள்ளி. மேற்கூரையின் வடிவம் முடிவாகுமுன்னரே அடித்தளத்தைக் கட்டத் தொடங்கினர். பின்னர்க் கூரையின் சுமையைத் தாங்காவென்று கண்டு, எழுப்பிய தூண்களையே வலுப்படுத்தித் திருத்த நேர்ந்தது. அக்கட்டடத்தின் அழகை உலகம் போற்றுகிறது, போற்றட்டும். ஆனால் முன்பின் முறை பிறழ்ந்தால் எத்தகைய அறிவும் இழப்பாய் முடியும் என்பதற்கும் அதுவே பாடமாய் நிற்கிறது.

முன்பின் முறையை எண்ணுதல் தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' தொடங்கி வலியும் காலமும் இடமும் ஆளும் ஆராயும் அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 'வினைசெயல்வகை' என்றே தனி அதிகாரம் உண்டு. ஆயினும், இக்கால மேலாண்மைக் கணக்கெல்லாம் வள்ளுவர் அன்றே கண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது; நமக்கு அதனாற் பயனில்லை. இக்கணக்குகளை அண்மைக் காலத்தில் வேற்று நாட்டார் வகுத்தனர். அவர்கள் எந்நாட்டார், எம்மொழியில் எண்ணினார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

ஆங்கிலத்தின் சொத்தா?

"இத்துறை ஆங்கிலத்தில் பிறந்தது, ஆகவே ஆங்கிலத்தில்தான் கற்க முடியும்" என்பர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

ஒரு வினையின் உறுப்புகளையும் அவற்றின் காலத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் வரைபடத்தை 1896-ஆம் ஆண்டளவிலேயே வகுத்தவர் கரோல் அதமியெக்கி என்னும் போலந்து நாட்டுப் பொறிஞர். அவர் தம் ஆய்வுகளைப் போலிசு மொழியிலும் உருசிய மொழியிலுமே வெளியிட்டார். ஆங்கில உலகம் அவரை நெடுங்காலம் அறிந்திலது. அதனால் அவர் கண்ட உண்மை சிறிதும் குறைந்துவிடவில்லை. பின்னர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கர் என்றி காண்டு என்பவர் பட்டை வரைபடத்தைப் பரப்பினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

மேலாண்மை என்பதனைத் தனித்துறையாக வகுத்துரைத்த பெருமக்களுள் ஒருவர் என்றி பயோல். அவர் பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறிஞர். முன்னோக்கல், அமைத்தல், ஏவல், ஒருங்கிணைத்தல், சரிபார்த்தல் என மேலாண்மையை ஐந்தாகப் பகுத்தார். அவர்தம் நூல் 1916-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆங்கில உலகில் அது பரவலானது 1949-இல் வந்த மொழிபெயர்ப்பினாலேயே. நீங்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அவ்வைந்து சொற்களும், ஆங்கிலத்துக்கும் வந்தேறிகளே.

சப்பானியரைப் பாருங்கள். தொயோட்டா நிறுவனத்தில் தைச்சி ஓனோ என்பவர் வளர்த்த உருவாக்க முறை இன்று உலகெங்கும் பாடமாயிருக்கிறது. அவர் தம் நூலை 1978-இல் சப்பானிய மொழியில் எழுதினார்; ஆங்கில வடிவம் 1988-இல்தான் வந்தது. வேலைக்களத்தில் தொழிலாளர் கையில் புழங்கும் அட்டைக்குக் 'கான்பான்' என்று பெயர். நாள்தோறும் சிறிது சிறிதாய்த் திருத்திக் கொண்டே போவதற்குக் 'கைசென்' என்று பெயர். அவை சப்பானியத் தொழிலாளி வாயில் வழங்கும் சொற்கள். இன்று அமெரிக்கப் பேராசிரியரும் அச்சொற்களையே சொல்லிப் பாடம் நடத்துகின்றனர். தன் மொழியில் எண்ணியவன் சொல்லை உலகம் கடன் வாங்குகிறது. பிறன் மொழியில் ஒப்பித்தவனோ என்றும் கடனாளியாகவே நிற்கிறான்.

ஒரு சிறு கணக்கு

இனிப் பாடத்துக்குள்ளேயே போவோம். 1957-ஐ ஒட்டி அமெரிக்காவின் தூப்பாண்டு வேதிப்பொருள் நிறுவனத்துக்காக மார்கன் வாக்கர், சேம்சு கெல்லி என்பார் ஒரு கணக்குமுறையை வகுத்தனர். ஆங்கிலத்தில் அதனைக் 'கிரிட்டிக்கல் பாத்' என்று வழங்குவர். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையார் பொலாரிசு ஏவுகணைத் திட்டத்துக்காகப் 'பெர்ட்' என்னும் மற்றொரு முறையை உருவாக்கினர். இவ்விரண்டும் ஏதோ வானத்து மந்திரங்கள் என்று அஞ்ச வேண்டா. பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை ஒன்று கட்டுவதாகக் கொண்டு பார்ப்போம்.

வானம் தோண்ட 4 நாள். கடைக்கால் கட்ட 8 நாள். சுவர் எழுப்ப 15 நாள். கம்பி கட்டிக் கூரைக்குக் கற்காரை இட 7 நாள். காரை இறுகும் வரை நீரூற்றிப் பொறுக்க 14 நாள். பூச்சுக்கு 9 நாள். கதவும் சாளரமும் பொருத்த 3 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ முடியும். கூட்டினால் 60 நாள். இதற்கிடையே, தச்சர் தம் பட்டறையில் கதவுகளையும் சாளரங்களையும் செய்ய 25 நாள் ஆகும். அவ்வேலை சுவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் நாளே தொடங்கலாம். அவை தேவைப்படுவதோ 57 நாள் கழிந்த பின்னரே. ஆகவே தச்சர்க்கு 32 நாள் இடைவெளி உண்டு. அவர் 10 நாள் பிந்தினாலும் பள்ளி திறக்கும் நாள் மாறாது. சுவர் ஒரே ஒருநாள் பிந்தினாலோ பள்ளியும் ஒருநாள் பிந்தும்.

நெகிழ இடமில்லாத வேலைகளின் தொடரே நான் மேலே சொன்ன ஆங்கிலப் பெயரால் குறிக்கப்படுவது. அதனை 'இறுகுதடம்' என்கிறேன். தச்சர்க்குக் கிடைத்த 32 நாளை 'நெகிழ்பொழுது' என்கிறேன். இறுகுதடத்தைக் கண்டுகொள்ளாத மேலாளர், பிந்துகிறது பிந்துகிறது என்று பதறித் தச்சுப் பட்டறைக்கு ஆளும் பணமும் கூட்டுவார். பள்ளியோ ஒருநாளும் முந்தாது. எதனைப் பிடித்து இழுத்தால் முழுவினையும் நகரும் என்று அறிவதே இக்கல்வியின் உயிர்நாடி. பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் இதனைத் தமிழில் கால்மணி நேரத்தில் விளக்கிவிடலாம், விளக்கியும் இருக்கின்றேன்.

எண்கள் எங்கிருந்து வருகின்றன?

இப்போது என் உரையின் நடுவிடத்துக்கு வருகின்றேன். சுவருக்கு 15 நாள் என்றேனே, அந்த 15 எங்கிருந்து வந்தது? பெர்ட்டு முறையில் மூன்று கேள்வி கேட்பர். எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள்? வழக்கமாய் எத்தனை நாள்? எல்லாம் கெட்டால் எத்தனை நாள்? கொத்தனார், "கூடிவந்தால் 10, வழக்கமாய் 14, மழை பிடித்துக்கொண்டால் 24" என்கிறார். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 10-உம் 56-உம் 24-உம் சேர்ந்து 90. ஆறால் வகுக்க 15. இதுவே அக்கணக்கு.

வாய்பாட்டை அமெரிக்கர் தந்தனர். அதனுள் இட்ட மூன்று எண்களையும் தந்தவர் யார்? கொத்தனார்! எந்த மொழியில் தந்தார்? தமிழில்! அந்த 24 என்னும் எண்ணுக்குள் எத்துணைச் செய்தி ஒளிந்திருக்கிறது பாருங்கள். ஐப்பசி அடைமழை இருக்கிறது. மணல் வண்டி வராத நாள் இருக்கிறது. ஊர்த் திருவிழாவுக்குச் சித்தாள்கள் போய்விடும் நாள் இருக்கிறது. இவற்றையெல்லாம் அவர் வாயிலிருந்து பொறுமையாய்க் கேட்டு வாங்கத் தெரியாத பொறிஞர் என்ன செய்வார்? தம் அறையில் அமர்ந்து தாமே ஓர் எண்ணை எழுதிக்கொள்வார். அதனைக் கணினியில் இடுவார். கணினி வண்ண வண்ணமாய்ப் படம் வரைந்து தரும். பொய்யான எண்ணுக்கு வண்ணம் பூசினால் அது மெய்யாகிவிடுமா?

எண் கீழிருந்து தமிழில் எழுகிறது. ஏவல் மேலிருந்து தமிழில் இறங்க வேண்டும். இடையில் மட்டும் ஆங்கிலம் குறுக்குச் சுவராய் நிற்கிறது. அச்சுவரை நம் கல்லூரிகளே கட்டிக் கொடுக்கின்றன.

நான் பணியாற்றிய பள்ளியொன்றில் புதிய கட்டடம் எழுந்தபோது நேரில் கண்டதைச் சொல்கின்றேன். கொட்டகைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தனர். முழுவதும் ஆங்கிலம். நாள்தோறும் அதனடியில் அமர்ந்து கஞ்சி குடித்த தலைக்கொத்தனாரை, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "அது பொறியாளர் ஐயாவுக்குத் தம்பி, நமக்கில்லை" என்றார். பின்னர் அவரே, "நிலைக்கு மரம் இன்னும் அறுக்கவே கொடுக்கவில்லை, நிலை நிற்காமல் சுவரை எப்படி ஏற்றுவது? அடுத்த கிழமை பத்து ஆளும் சும்மாதான் நிற்கப் போகிறோம்" என்றார். அவ்வாறே நின்றனர். அவ்வரைபடத்தில் நிலைக்கதவு வேலை எங்கோ கடைசி வரியில் இருந்தது. வந்த பொறிஞர் இளைஞர், நல்லவர், தமிழர்தாம். அவரிடம் கொத்தனார் சொல்லவில்லை. கொத்தனாரிடம் அவர் கேட்கவில்லை. கேட்பதற்குரிய சொற்களை அவர்க்கு எந்தக் கல்லூரியும் கற்பித்ததில்லை.

சொல் போய்ச் சேராவிடின்

"பத்து ஆள் ஒரு கிழமை சும்மா நின்றால் வானம் இடிந்தா விழும்?" என்று கேட்கலாம். சில வேளைகளில் பாலமே இடிந்து விழும். கனடா நாட்டில் செயிண்டு இலாரன்சு ஆற்றின்மேல் கியூபெக்குப் பாலம் எழுந்து கொண்டிருந்தது. 1907-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அதன் அடியுறுப்புகள் வளைவதைக் களத்திலிருந்தோர் கண்டனர். செய்தியைத் தலைமை அறிவுரைப் பொறிஞரிடம் சொல்ல இளம் பொறிஞர் ஒருவர் நியூயார்க்குக்குப் போனார். தலைமைப் பொறிஞர், மேலும் சுமை ஏற்றக்கூடாதென்று தொலைவரி அடித்தார். அத்தொலைவரி பென்சில்வேனியாவிலிருந்த இரும்பு நிறுவனத்துக்குப் போயிற்று. பாலத்தின்மேல் நின்றவர்களுக்கு வந்து சேரவில்லை. ஆகத்து 29-ஆம் நாள் மாலை, பாலம் ஆற்றுக்குள் சரிந்தது. மேலிருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர்.

அங்கே குற்றம் மொழியினது அன்று. வடிவமைப்பின் குறையும் செய்தி செல்லும் வழியின் குறையுமே. ஆயினும், தக்க சொல் தக்க கைக்குத் தக்க பொழுதில் சேராவிடின் என்ன ஆகும் என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுமா? மொழி தடையாகாத இடத்திலேயே சொல் வழியில் நின்றுவிடக் கூடுமெனின், பொறிஞர்க்கு ஒரு மொழியும் தொழிலாளிக்கு ஒரு மொழியுமாய் நாமே பிரித்து வைத்திருக்கும் களத்தில் எத்தனை எச்சரிக்கைகள் வழியிலேயே மடிகின்றன! "முட்டை இன்னும் பிரிக்காதே" என்னும் ஒரு சொல் பிந்தினால், கூரை கீழே நிற்பவன் தலைமேல் இறங்கும். சாரத்தின்மேல் நிற்பவன் உயிர், அவனுக்குப் புரியும் சொல்லில்தான் தொங்கிக் கொண்டிருக்கிறது.

இன்றைய நிலை

நம் நாட்டில் இதற்கு என்ன செய்யப்பட்டிருக்கிறது? செய்ததை மறைக்கலாகாது. 2010-ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றன. அதே ஆண்டில், தமிழ்வழியிற் கற்றார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டமும் வந்தது. 2021-இல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் தாய்மொழிகளில் பொறியியல் நடத்த இசைவளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டு மே திங்களில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்தி வைக்கப் போவதாய் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே திரும்பப் பெறப்பட்டது. ஏன் நிறுத்த எண்ணினர்? சேர்வார் குறைவு என்பது அவர்கள் சொன்ன விடை. சேர்வார் ஏன் குறைந்தனர் என்பதன்றோ முதற்கேள்வி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி முதலாண்டு மாணவர் அனைவர்க்கும் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என இரு பாடங்கள் வைக்கப்பெற்றன. வரவேற்கின்றேன். ஆயினும் ஒன்று கேட்பேன். தமிழரும் தொழில்நுட்பமும் பாடமாயிற்று; தமிழில் தொழில்நுட்பம் பாடமாயிற்றா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் பெயர் குஞ்சரமல்லன் என்று மாணவன் எழுதுகிறான். நன்று. அக்கோயிலின் கல்வெட்டிலே 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்கு 100 கலம் நெல் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழில் கணக்கு எழுதியிருக்கிறது. அதனைப் படித்து மகிழும் மாணவன், அடுத்த மணி நேரத்தில் பத்து ஆளுக்கு ஒருநாள் வேலையைப் பகிர்ந்தெழுதத் தமிழில் இயலாது என்று நம்புவானாயின், அவனுக்கு நாம் ஊட்டியது பெருமையா, ஏக்கமா?

மூன்று தடைகள்

தடை சொல்வோர் மூன்று சொல்வர். முதலாவது, ஆங்கிலமின்றி அயல்நாட்டில் வேலை கிடைக்காது என்பது. ஆங்கிலத்தை மொழியாக நன்றாகக் கல்லுங்கள். பிழையின்றிப் பேசவும் எழுதவும் கல்லுங்கள். அதனை நான் தடுக்கவில்லை. மொழியைக் கற்பது வேறு; அறிவை அம்மொழிக்குள் அடைத்து வைப்பது வேறு. சப்பானியர் 1873-ஆம் ஆண்டில் தோக்கியோவில் பொறியியற் கல்லூரி தொடங்கியபோது, என்றி தயர் என்னும் இளம் இசுக்காத்துலாந்தியரைத் தலைவராய் அமர்த்தினர். பாடமும் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆறாண்டுப் படிப்பில் கடைசி ஈராண்டும் முழுக்க வேலைக்களத்தில் பயில வேண்டுமென அவர் வகுத்தார். அங்குப் பயின்றோர் தாமே ஆசிரியராகித் தம் மொழியில் பாடம் சொன்னார்கள். வெளிநாட்டாசிரியரை ஏணியாய்க் கொண்டனர். ஏறியபின் ஏணியிலேயே குடியிருக்கவில்லை.

இரண்டாவது தடை, "கட்டடக் களங்களில் இன்று வடபுலத்து உழைப்பாளரே மிகுதி, தமிழ்த்திட்டம் யார்க்கு?" என்பது. நல்ல கேள்வி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த அவ்வேழைக்கு மட்டும் ஆங்கிலம் தெரியுமா? அவனுக்கு ஒடியாவிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள், யார் தடுத்தார்? உழைப்பவன் மொழியில் திட்டம் இருக்க வேண்டும் என்பதே நம் கொள்கை. தமிழனுக்குத் தமிழ் வேண்டும் என்பவன், பிறன் தாய்மொழியையும் மதிக்கக் கடமைப்பட்டவன்.

மூன்றாவது தடை, தமிழில் கலைச்சொல் இல்லை என்பது. யாழ்ப்பாணத்துக்கு 1847-இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் என்பார், முதலில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் மேலை மருத்துவத்தைப் பயிற்றினார், நூல்களையும் தமிழாக்கினார். அவர்தம் நூல்களில் வடசொல் மிகுதி. நாம் இன்று அவ்வாறு எழுத மாட்டோம். ஆயினும், எல்லாச் சொல்லும் அணியமாகட்டும் என்று அவர் காத்திருந்தாரில்லை. அயல்நாட்டான் ஒருவன் துணிந்ததற்கு நாம் தயங்குவதா?

நமக்கே ஒரு வினைத்திட்டம்

இங்கே நம் இயக்கத்தார்க்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க. நாம் கற்ற கணக்கை நம் வேலைக்கே பொருத்திப் பார்ப்போம். தமிழ்வழிப் பொறியியல் என்னும் வினையின் உறுப்புகள் யாவை? சொல்லாக்கம், பாடநூல், ஆசிரியர் தமிழில் பாடம் சொல்லல், மாணவர் தமிழில் வினவல், தேர்வு, வேலை. இவற்றுள் இறுகுதடம் எது?

சொல்லாக்கமே இறுகுதடம் என்று எண்ணி, அகரமுதலிகளுக்கு மேல் அகரமுதலிகளாய் நாம் தொகுத்து வந்திருக்கின்றோம். அவ்வுழைப்பைப் போற்றுகின்றேன். ஆனால் சொல்லாக்கம் தச்சர் பட்டறைக் கதவைப் போன்றது. அதற்கு நெகிழ்பொழுது உண்டு. மற்ற வேலைகளோடு உடன் நிகழலாம். ஆசிரியர் வகுப்பறையில் தமிழில் வாய் திறப்பதே சுவர். அது எழவில்லையாயின், செய்து வைத்த கதவுகளை எங்கே மாட்டுவது? பட்டறையில் கதவுகள் குவிந்து கிடக்கின்றன. சுவர் இன்னும் இடுப்பளவு கூட எழவில்லை. ஆளையும் பொழுதையும் இனிச் சுவருக்குத் திருப்புவோம்.

சொற்களும் பாதி நம் காலடியிலேயே கிடக்கின்றன. 'கிரிட்டிக்கல்' என்பதற்கு இயற்பியல் நூலின் 'மாறுநிலை'யை எடுத்து ஒட்டுவாரும் உளர். அதனைக் கொத்தனாரிடம் சொன்னால் அவர்க்கு எதுவும் விளங்காது. 'இறுகுதடம்' என்று சொல்லிப் பாருங்கள்; இரண்டாம் முறை அவரே அதனை எடுத்து ஆளுவார். வானம் தோண்டுதல், கடைக்கால், சாரம், முட்டு, நிலை, தூக்குக்குண்டு, கரணை என இவையெல்லாம் எந்தப் புலவர் குழுவும் கூடி ஆக்கியவை அல்ல. உழைப்பவர் வாயில் பிறந்து, உழைப்பவர் கையில் தேய்ந்து மெருகேறிய சொற்கள். என் இறுகுதடத்தினும் நல்ல சொல்லை ஒரு சித்தாள் தந்தால், என் சொல்லை எறிந்துவிட்டு அவர் சொல்லை எடுங்கள்.

ஆகவே, மாணவத் தோழர்களே! உங்கள்முன் நான்கு வேலைகளை வைக்கின்றேன்.

ஒன்று. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையை எம்மொழியில் எழுதினும், அதன் வேலை அட்டவணையை ஒரே தாளில் தமிழில் எழுதிச் சேருங்கள். எழுதியதை ஒரு தொழிலாளியிடம் காட்டுங்கள். அவர்க்கு விளங்காத வரியைத் திருத்துங்கள்.

இரண்டு. விடுமுறையில் உங்கள் ஊர் வேலைக்களத்துக்குப் போய் 50 சொற்களைத் திரட்டுங்கள். சொல்லும் பொருளும் ஊரும் குறியுங்கள். நெல்லையில் ஒரு சொல், கொங்கில் ஒரு சொல், தஞ்சையில் ஒரு சொல் இருக்கும். எல்லாம் நம் செல்வமே.

மூன்று. கொத்தனாரிடம் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். அவர் சொல்லும் எண்ணை மட்டுமன்றி, அவ்வெண்ணுக்கு அவர் சொல்லும் கரணியத்தையும் எழுதிக் கொள்ளுங்கள்.

நான்கு. பேராசிரியப் பெருமக்களிடம் பணிந்து வேண்டுங்கள். கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் இப்பாடத்தைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். முதல்நாள் நாக்குத் தடுமாறும். தடுமாறட்டும். நீங்கள் சிரிக்காதீர்கள், அது சுவரின் முதற்கல்.

இவற்றுள் எதற்கும் அரசாணை வேண்டா, பணம் வேண்டா, நாளையே தொடங்கலாம். நாளைக்கு நீங்கள் மேலாளராய் அமரும் களத்தில், கொட்டகைச் சுவரில் தொங்கும் தாளைத் தலைக்கொத்தனார் விரல் வைத்துப் படிக்க வேண்டும். படித்துவிட்டு, "ஐயா, இந்த வரி தவறு, மரத்தை முன்னரே அறுக்கக் கொடுக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். நீங்கள் அதனைக் கேட்டு, அவர் கண்முன்னரே திருத்தி எழுத வேண்டும். அத்திருத்தம் நிகழும் நாளில் தமிழ் பொறியியல் மொழி ஆகிவிட்டது என்று நான் நம்புவேன். எந்த ஆணையும் அதற்குமுன் என்னை நம்பவைக்காது.



உழைப்பவர் மொழி உயர்க! வாழ்க தமிழ்!